தட்டினால் சத்தம் வராத வான்

அன்புள்ள அத்தான்,

இன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலரை மணி. உங்கள் மீன் ஏற்றும் வானுக்குள் நான் அடித்த ரிவெற் ஆணிகள் எழுபத்திரண்டு. இருட்டமுன் ஒவ்வொன்றின் தலையையும் உளியால் வெட்டிக் கழற்றவேண்டும். உளி வழுக்கி ஒருதரம் விரலில் பட்டுவிட்டது. அதுதான் கொஞ்சம் நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் போனபிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களைக் கொண்டுபோன அதே செல் குண்டுதான் வீட்டுக் கூரையையும் கொண்டுபோனது. அக்காவும் நானும் வங்காலைக் கோயில் வளவில், நீங்கள் மீன் ஏற்றித் திரிந்த வானுக்குள் இருக்கிறோம். அக்காவுக்கு இது எட்டாம் மாதம்.

பகலில் அந்தத் தகரத்துக்குள் மனிதர் இருக்கமுடியாது. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்தவன். அக்கா வேர்த்து ஒழுகுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. நீங்கள் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டிகளை அறுத்தேன். கூரையிலும் பக்கங்களிலும் பின்கதவிலும் சட்டங்களுக்கிடையில் இடுக்கில்லாமல் செருகினேன். அதற்கு மேல் ஹார்ட்போட் பலகை வைத்து, ரிவெற் அடித்து மூடினேன். வேலை திறம். நடுமத்தியானத்திலும் அக்கா நித்திரை கொண்டாள். மீன் மணம் மட்டும் போகவில்லை. "அவர் பக்கத்தில படுத்திருக்கிற மாதிரி இருக்குதடா" என்றாள்.

இன்று மத்தியானம் மிட்வைஃப் அம்மா வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பிறசர் கூடிப்போச்சு தம்பி. காலும் வீங்கியிருக்கு. விடிஞ்சதும் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. வைச்சுப் பார்க்காதேங்கோ."

அம்புலன்ஸ் வராது. காலையில் ஆமி பாதையைத் திறந்ததும் இந்த வானில்தான் போகவேண்டும். சரி என்று ரயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் சூசை மாமா வந்து தலையை உள்ளே நீட்டி, ஹார்ட்போட்டில் தட்டினார்.

"டேய் இஞ்சினியர், இதுக்குள்ள என்னடா ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

"ரெஜிபோம்."

"அது எனக்குத் தெரியும். பாலத்தடியில துவக்கோட நிக்கிறவனுக்குத் தெரியுமே?"

பகிடியாகத்தான் கேட்டார். சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் காற்றடிக்கிற பம்பைக் கீழே வைத்தேன்.

பாலத்தடி செக்பொயின்றில் நீங்கள் செய்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இறங்கியவுடன், ஆமிக்காரன் வாய் திறக்கமுன், வானின் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுவீர்கள். டங், டங். ஒருநாள் நான் கேட்டேன், "ஏனத்தான் அதுக்கு அடிக்கிறீங்கள்? அதென்ன மாடே?" என்று. "நான் சொன்னா நம்பமாட்டாங்கள். உள்ளுக்க ஒண்டுமில்லையெண்டு அதே சொல்லட்டும்" என்றீர்கள்.

இப்போது நான் தட்டிப் பார்த்தேன், அத்தான். தொப், தொப். வான் ஊமையாகிவிட்டது. வெக்கைக்காக நான் கட்டிய இரட்டைச் சுவர், சோதிக்கிறவன் கண்ணுக்குத் துவக்கோ குண்டோ ஒளிக்கிற இடம். இடுக்கில்லாமல் மூடினேன் என்று பெருமைப்பட்டேனே, சண்டைக்குள் இருந்துகொண்டு எவனாவது ஒரு வாகனத்தை இப்படி மூடுவானா? "மொக்கத மே?" என்பான், இதென்ன என்று. நான் என்ன சொல்வேன்? வெக்கைக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியும்: ரஸ்னே. அதோடு என் சிங்களம் முடிந்தது. என்னை இறக்கிக் கொண்டுபோனால் வானை யார் ஓட்டுவது? அக்கா அந்த வெயிலில் எவ்வளவு நேரம் தாங்குவாள்?

எல்லாவற்றையும் பிய்த்தெறியப் போனேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுக்கக் கழட்டினா வரிசையில நிக்கேக்கயே நான் அவிஞ்சுபோவன்."

"கழட்டாட்டி என்னைப் பிடிப்பாங்கள்!"

"கத்தாத. உனக்கு மூடினதாலதானே பயம்? பலகையை மட்டும் கழட்டு. ரெஜிபோம் கிடக்கட்டும். பார்க்கிறவன் பார்க்கட்டும்."

"குலுக்கத்தில எல்லாம் தலையில விழும்."

"அவற்ற வலை சீற்றுக்குக் கீழ கிடக்கு. அதை இழுத்துக் கட்டு. இதுக்கும் நானே சொல்லவேணும்? நீதானே படிச்சனி?"

நீங்கள் கடலுக்குப் போன காலத்து வலை. அதற்கூடாக எல்லாம் தெரியும், விரலை விட்டுக் குத்தியும் பார்க்கலாம். ஆனால் இது போதுமா? எவ்வளவு வெப்பம் உள்ளே வரும் என்று கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்வேன். அங்கே நிற்கிறவன் என்ன நினைப்பான் என்பதை எப்படிக் கணக்குப் போடுவது? நீங்கள் இருந்தால் சிரித்துப் பேசிக் கடந்துவிடுவீர்கள். எனக்குச் சிரிக்க வராது. கோபம்தான் வரும். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம்.

ஆகவே நான் செய்யப்போவது இவ்வளவும்:

1. இருட்டமுன் ஹார்ட்போட் முழுவதையும் கழற்றி, வலையைக் கட்டுவேன். ஓர் இழுவையில் அவிழ்கிற முடிச்சாகப் போடுவேன்.

2. பின்கதவில் ரெஜிபோமையும் எடுத்துவிடுவேன். அது வெறும் தகடாகவே இருக்கட்டும்.

3. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். விளக்கம் கொடுக்க வாய் உன்னும், விடமாட்டேன். ரஸ்னே, அவ்வளவுதான்.

4. இறங்கியவுடன், அவர்கள் கேட்கமுன், பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுவேன். நன்றாகக் கேட்கும்படி தட்டுவேன். உள்ளே ஒன்றுமில்லை என்று வான் சொல்லட்டும், உங்கள் பெண்சாதியையும் பிள்ளையையும் தவிர.

5. அந்த இரண்டு பேரையும் இதே வானில் திருப்பிக் கொண்டுவருவேன்.

உங்கள் மச்சான்,
அவளுடைய தம்பி,
றொபின்