சுவிட்சு போட ஒரு பலகை

என் வாயை அடக்கத் தெரிந்த ஒரே மனுஷி, என் மங்கா அண்ணிக்கு,

நீ போய் மூன்று மாசம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் இப்போது நான் வைக்கிற சாம்பார்தான். பிள்ளைகள் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, தட்டில் மிச்சம் வைக்கிறார்கள். சந்தோஷம்தானே உனக்கு?

முந்தாநாள் திருப்பதியிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். பள்ளிக்கூடங்களில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று பார்த்து எழுதுகிற வேலையாம். அவர் வருவது தெரிந்ததும், மோட்டார் சுவிட்சு இருக்கிற இரும்புப் பெட்டிக்குப் பெரிய சார் பச்சை பெயின்ட் அடிக்க வைத்தார். உள்ளே ஒயரை யாரும் தொடவில்லை. கல்யாணப் பெண் மாதிரி மினுமினுவென்று நின்றது, உன்னைக் கொன்ற பெட்டி.

ஆபீசர் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சார் என்னிடம் ஒரு பேப்பரை நீட்டினார்.

"கையெழுத்து போடு கோமளா. உங்க அண்ணி மழையில வழுக்கி விழுந்துட்டாங்கன்னு அப்பவே எழுதிக் குடுத்தாச்சி. இங்க எல்லாம் நல்லா இருக்குதுன்னு இதுல எழுதியிருக்குது."

"எனக்குத் தெலுங்கு படிக்க வராதே சார்."

"படிக்கவா சொன்னேன்?"

எப்போதும் போல சிரித்தேன். 'கோம' வரைக்கும் எழுதியும் விட்டேன்.

ஏன் எழுதினேன் என்று கேள், அண்ணி. மழை பெய்தால் அந்தப் பெட்டியைத் தொட்ட கையைக் கரண்டு கடிக்கும். அதற்கு நாம் கண்ட வைத்தியம் அந்த மணைப்பலகை. அதில் ஏறி நின்றுதான் சுவிட்சு போடுவோம். "கல்யாணத்துலகூட உனக்கு இவ்ளோ நல்ல மணை போடல" என்பேன், நீ கரண்டியை ஓங்குவாய். நீ போன அன்றைக்குப் பலகை ஏன் அங்கே இல்லை என்று யாருமே கேட்கவில்லை. தரை ஈரமாயிருந்தது. வெங்காயம் உரிக்க நான்தான் அதை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் தீர்ந்துபோச்சு என்று நீ மோட்டார் போட வெறுங்காலோடு ஓடினாய். வழுக்கி விழுந்தாய் என்று சார் எழுதினபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதை உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நான் பேனாவைப் பிடித்திருக்கும்போதே ஆபீசர் பின்பக்கம் போய்விட்டார். காலையில் பெய்த மழைத் தண்ணீர் பெட்டிக்குக் கீழே தேங்கிக் கிடந்தது. அதிலேயே நின்று, பெட்டியைத் திறக்கக் கையை நீட்டினார்.

"கைய வெக்காத சார்!"

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பட்டன் ஒன்று தெறித்தது. பெரிய சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆபீசர் தள்ளி வந்து, கூட வந்திருந்த கரண்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் டெஸ்டரைப் பெட்டியில் வைத்தார். விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு என் வாய் நிற்கவில்லை. "எங்க அண்ணி வழுக்கி வியல சார். இதான் புடிச்சிது. சுவிட்சு போட ஏறி நிக்கிற பலகைய எடுத்தவ நானு. நான்தான் அவள சாவடிச்சேன்."

ஆபீசர் பட்டன் போன சட்டையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அவரும் நம்ம பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது, தமிழிலேயே கேட்டார்.

"ஏம்மா, சுவிட்சு போட எதுக்குப் பலகை?"

இத்தனை வருஷத்தில் நாம் ஏன் இதைக் கேட்கவில்லை, அண்ணி? பலகை உளுத்தபோது வேறு பலகைதானே கேட்டோம்?

ஆபீசர் சொல்லி ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள், இப்போது மோட்டாருக்குக் கரண்டு இல்லை. தெருக்குழாயில் பிடித்துத் தூக்கிக்கினு வருகிறேன். பெரிய சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலை நிலைக்குமா, தெரியாது. திங்கட்கிழமை திருப்பதிக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஊருக்கெல்லாம் சொன்னவள், உன் வீட்டுக்காரனிடம், என் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் இப்போதெல்லாம் உன் தட்டில்தான் சாப்பிடுகிறான்.

நாளைக் காலையில் அவனுக்குச் சோறு போட்டு, உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். இது சத்தியம். அவன் கை ஓங்கினால் குறுக்கே வந்து நிற்க நீ இல்லை. பரவாயில்லை. பலகை இல்லாமலே நிற்கிறேன்.

உன் வாயாடி நாத்தனார்,
கோமளா