கொடிமரத்துக்குச் சொந்தக்காரி

அன்புள்ள தங்கை விஜிலாவுக்கு, அக்கா ஞானசௌந்தரி எழுதுவது.

நானும் பிள்ளை டயானாவும் சுகமாக இருக்கிறோம். ராஞ்சியில் குளிர் தொடங்கியிருக்கும். நெஞ்சுச்சளியை வைத்துக்கொண்டு விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. வழக்கமாகக் கடிதத்தின் மேலே ‘மாதா துணை’ என்று எழுதுவேன், இந்த முறை இல்லை. மறக்கவில்லை. எழுதப்போனேன், கை நின்றுவிட்டது.

உன் கடிதம் வந்தது. வழக்கை விட்டுவிடு, மன்னித்துவிடு என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்து உன்னுடையது, பேச்சு உன்னுடையது மாதிரி இல்லை. பங்குச்சாமியார் உன் மடத்து மதருக்குப் போன் போட்டதைக் கிருபாநிதி அண்ணாச்சியே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். திருவிழாக் கமிட்டிச் செயலாளர் அல்லவா, எதுவும் அவர் வாயில் தங்காது.

உன்னிடம் என்ன சொன்னார்களோ தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன். போன வருஷம் கொடியேற்றத்தன்று உன் மச்சான் நம் வீட்டில் சாளை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிருபாநிதி வாசலில் வந்து நின்று, “ஏலே கிளாட்வின், கொடிமரத்து உச்சில கயிறு ஓடுற கப்பி சிக்கிக் கெடக்கு. சாமியார் எல்லாம் வந்து நிக்காங்க. ஒரு எட்டு ஏறி எறங்குலே” என்றார். இவர் பாதிச் சோற்றில் எழுந்து போனார். துருப்பிடித்த கப்பி கையோடு பெயர்ந்து வந்தது. அதோடு அவரும் கீழே வந்துவிட்டார்.

இப்போது கோர்ட்டில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? யாரும் ஏறச் சொல்லவில்லையாம். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு தானாகவே ஏறினாராம். நேர்ச்சைக்கு ஏறுகிறவன் அன்று விடிந்ததிலிருந்து மீனைத் தொடமாட்டான் என்று நம் ஊரில் எந்தப் பிள்ளையும் சொல்லும். பொய் சொல்லவும் கொஞ்சம் யோசனை வேண்டாமா?

கொடிமரம் யாருடையது என்று நம் வக்கீல் ராமானுஜன் கேட்டார். தென்திருப்பேரைக்காரர், நாமத்தோடு வந்து நமக்காக வாதாடுகிறார். கோயில் பேரில் ஒரு சொத்தும் இல்லை, எல்லாம் டிரஸ்ட் பேரில் என்றார்கள். டிரஸ்டைக் கேட்டால், நாங்கள் வெறும் காவல்தான், திருவிழா நடத்தியது கமிட்டி என்கிறது. கமிட்டியைக் கேட்டால், அது கொடியிறக்கத்தோடு கலைந்துவிட்டதாம். கடைசியில் கொடிமரம் மாதாவின் சொத்து என்று முடித்தார்கள். வக்கீல் சிரித்துவிட்டார். “எங்க பெருமாள்னா அவர் பேர்லயே கேஸ் போடலாம்மா, கோர்ட்டுல அவரும் ஒரு ஆளு. உங்க மாதாவுக்கு அந்த வசதி கிடையாதே” என்றார்.

சனிக்கிழமை மீன்பாட்டில் மாதா பங்கு என்று நல்ல சீலா மீனாகப் பார்த்துத் தூக்கும்போது மட்டும் இவர்கள் யாரும் கலைந்துபோனதில்லை.

விஜிலா, நீயும் ஒன்றும் இல்லாதவள்தான். அம்மா போட்ட கம்மலைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு மடத்துக்குப் போனாய். உன் இல்லாமையை நான் நம்புகிறேன். காரில் வந்து இறங்கி, எங்களுடையது என்று எதுவுமே இல்லை என்கிறார்களே, அந்த இல்லாமைதான் எனக்குக் குமட்டுகிறது.

முப்பதாம் நாள் உன் மச்சானுக்குக் கல்லறைக்கல் நட்டதே அவர்கள்தான். ‘கோயில் பணியில் உயிர் கொடுத்த கிளாட்வின்’ என்று வெட்டி, கீழே ‘திருவிழாக் கமிட்டி’ என்று அதைவிடப் பெரிதாக வெட்டிக்கொண்டார்கள். பேர் எழுதாமல் ஒரு டியூப்லைட் கூடக் கொடுக்கத் தெரியாதவர்கள். கலைந்துபோன கமிட்டி எப்படிக் கல் நட்டது என்று வக்கீல் கோர்ட்டில் கேட்டபிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

போன வாரம் கிருபாநிதி கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். கல் சரிந்திருக்கிறதாம். கிரானைட்டில் புதிதாகப் போட்டு, ‘இயேசுவில் இளைப்பாறுகிறார்’ என்று மட்டும் வெட்டினால் அழகாக இருக்குமாம். நான் போய்க் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். “அண்ணாச்சி, இந்தக் கல்லு யாரு சொத்து? மாதா சொத்துன்னா அவகிட்ட கேட்டுட்டு வாரும். கமிட்டி சொத்துன்னா கமிட்டி உயிரோட இருக்குன்னு கோர்ட்டுல வந்து சொல்லும்” என்றேன். கொத்தனார் சிரிப்பை அடக்க இருமினான். “ஏளா, சாமிக்கு எதிரா நிக்காத” என்று சொல்லிவிட்டுக் கிருபாநிதி நடையைக் கட்டினார். கல் அங்கேதான் நிற்கிறது. தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மன்னிக்கச் சொல்கிறாய். யாரை? மன்னிக்க ஒரு ஆள் வேண்டுமே. ‘நாங்கள்தான் ஏறச் சொன்னோம்’ என்று ஒரே ஒரு வாய் சொல்லட்டும், அன்றைக்கே மன்னிக்கிறேன். அது இல்லாவிட்டால் உன் மச்சான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததே பொய்யாகிவிடும்.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்த நீ வா. அதற்கு அடுத்த வாரம் தூத்துக்குடியில் விசாரணை. அந்தப் பக்கம் சாமியார் அங்கிகள் வரிசையாக உட்காரும், இந்தப் பக்கம் நானும் டயானாவும். உன் மடத்து உடுப்போடு வந்து எங்கள் பெஞ்சில் உட்காரு. ஒன்றும் பேச வேண்டாம். மதர் விடவில்லை என்றால் இரு, நான் உன்மேல் கோபப்படமாட்டேன். ஆனால் இந்த மாதிரி இன்னொரு கடிதம் மட்டும் எழுதாதே.

சுக்கும் கருப்பட்டியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பொடித்துக் காய்ச்சிக் குடி.

மாதா உனக்குத் துணை. எழுதிவிட்டேன் பார். அவள்மேல் எனக்கு வழக்கு இல்லை.

உன் அக்கா,
ஞானசௌந்தரி