அந்த மூன்றாவது வரி காலியிடம் இல்லை

என் அருமை அண்ணா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உனக்கு எழுதினால் நல்ல சேதியாகத்தான் எழுத வேண்டும் என்றிருந்தேன். முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் ஏழு பாட்டையும் ஏழு பேர் பாடி, உன் நினைவாக ஆல்பம் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு காலை உன் பழைய ஸ்பீக்கரில் வைத்தேன். எதிர் ஃப்ளாட் வங்காளி தபன்தா இஸ்திரி போட்ட குர்தாவில் வந்து உட்கார்ந்தார். லேக் மார்க்கெட் பொடியில் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

முதல் பாட்டு. இரண்டு வரி முடிந்ததும் தபன்தா மூச்சை இழுத்துத் தயாரானார். முப்பது வருஷப் பழக்கமில்லையா? தமிழ் தெரியாத தெருக்காரர்களும் பூஜைப் பந்தலில் உன்னோடு பாட வேண்டும் என்றுதானே ஒவ்வொரு பாட்டிலும் மூன்றாவது வரியை வார்த்தை இல்லாத வெறும் ராகமாக விட்டாய்? பந்தலே பாடும். நீ சிரித்துக்கொண்டு நிற்பாய்.

அந்த இடத்தில் புதிதாக ஒரு வரி எழுதிப் பாடியிருக்கிறார்கள், அண்ணா. தபன்தா திறந்த வாயை மூடிக்கொண்டார். ஏழு பாட்டிலும் இதே கூத்து. கடைசியில் அவர் முயற்சிகூடச் செய்யவில்லை. "ஆமாதேர் ஜாய்கா கோய்?" என்றார். நம்ம இடம் எங்கே என்று கேட்கிறார்.

தயாரிப்பாளருக்குப் போன் போட்டேன். "அந்த எடம் காலியா இருந்துச்சு மேடம், நல்ல கவிஞரா பாத்து நிரப்பிட்டோம். நீங்க கையெழுத்து போட்டுத்தானே பண்ணோம்" என்றார்.

"காலியா? அங்க ஒரு தெருவே உக்காந்திருக்கு சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கையெழுத்து போட்டது நான்தான். 'தேவையான மாற்றங்கள்' என்று இருந்ததைப் படித்துவிட்டே போட்டேன். உன் பெயர் சென்னை வரை போகட்டும் என்ற ஆசை. என்னைத் திட்டு. ஆனால் உன்னைக் கொண்டாடுகிறோம் என்று வந்தவர்கள் ஒரு தடவையாவது உன் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டாமா?

இந்தப் பூஜைக்குப் பந்தலில் இந்த ஆல்பம்தானாம். பார்த்துவிடுகிறேன். மைக்கை நான் பிடுங்கிக்கொள்வேன். எனக்குச் சுருதி சேராதுதான், போகட்டும். இரண்டு வரி பாடுவேன். மூன்றாவது வந்ததும் மைக்கைத் தபன்தாவிடம் நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். இது சத்தியம்.

வாயை மூடவே தெரியாதவள் என்று நீ அலுத்துக்கொண்ட
உன் தங்கை பாமா