பஞ்சு வேண்டாம் என்ற தெய்வானையக்கா

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கடை ஷட்டரைத் தூக்கியதும் முகத்தில் மண். இந்த வருசம் ஆனி பிறக்கும் முன்னாடியே ஆடிக் காற்று.

பாக்கி: முகூர்த்த ஜாக்கெட் ஆறு. ஆரி வேலைக்குப் போனது இன்னும் திரும்பி வரவில்லை. ஊக்கு, லைனிங் துணி வாங்கணும். ஓவர்லாக் மெஷினுக்கு எண்ணெய்.

மதியத்துக்கு முன்னால் புது ஆள் ஒருவர். பேர் தெய்வானை. மல்லசமுத்திரம் பக்கம் தோட்டம். ஐம்பது தாண்டியிருக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு அப்படியே பஸ் ஏறித் திருச்செங்கோடு வந்தாராம். குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை போகும்.

"ஏனுங்க டைலரம்மா, கோர்ட்டுக்குப் போறதுக்கு ஒரு ஜாக்கெட் வேணுமுங்க."

கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, சீருக்கு எல்லாம் தைத்திருக்கிறேன். கோர்ட்டுக்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன். "எடப்பக்கம் ஒண்ணுமில்லீங்க. கேன்சர்னு எடுத்துட்டாங்க. ரெண்டு பக்கமும் தனித்தனியா அளந்துக்கங்க." கடை முழுக்கக் கேட்டது. ஃபால்ஸ் வாங்க வந்த பெண்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்தபடி. அவர்களையும் விடவில்லை. "உங்களுக்குந்தான் சொல்றேன் சாமி, குளிக்கறப்ப தடவிப் பாருங்க, கட்டிகிட்டி இருக்குதான்னு."

வழக்கம்போல, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தால் வெளியே தெரியாது என்றேன். தெரியாதுதான். எனக்கு நானே அப்படித்தான் தைத்துக்கொள்கிறேன்.

"பஞ்சு வேண்டாமுங்க. இருக்கறபடியே தையுங்க. கோர்ட்டுல இருக்கறவங்க பாக்கட்டும்."

அளந்து முடிப்பதற்குள் கதையைச் சொல்லிவிட்டார். மார்பை எடுத்த இடத்தில் புதுசு வைத்தார்களாம். அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வலை, மெஷ். வீங்கி, சீழ் பிடித்து, காய்ச்சலில் கிடந்து, கடைசியில் வேறு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்திருக்கிறார். எந்த ஆஸ்பத்திரியில் வைத்தது என்று கேட்டேன். சேலத்தில், நான் போன அதே ஆஸ்பத்திரி.

துணியை வாங்கி வைத்து ரசீது எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

துணியை மேசையில் விரித்ததோடு சரி. வெட்டக் கை வரவில்லை.

என் கதையும் அதுதான். எனக்கும் இடப்பக்கம். எடுத்த கையோடு புதுசு வைத்துத் தருகிறோம் என்றார்கள், சரி என்றேன். மெஷ் என்று ஒன்று உள்ளே இருந்ததே, கோயமுத்தூரில் அதை வெளியே எடுத்த டாக்டர் சொல்லித்தான் தெரியும். நடுவில் பட்டதை என்னவென்று எழுத. சீழ் நாற்றம். மெஷினை மிதித்தால் அக்குள் வரைக்கும் இழுக்கும். நிவேதாதான் கட்டு மாற்றிவிட்டாள், காலேஜ் போவதற்கு முன்னால் தினமும். முகம் சுளித்ததில்லை என் மகள்.

மெஷ்ஷை வெளியே எடுத்து, வரும் ஆவணி வந்தால் இரண்டு வருசம்.

சொந்தத்துக்குச் சொல்லி வைத்தது: பித்தப்பையில் கல். நிவேதாவுக்கு வரன் பார்க்கிற நேரம். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று யாராவது ஒரு வாய் சொன்னால் முடிந்தது. நிவேதா அப்பாவும் நானும் பேசி எடுத்த முடிவு. அவர் போர் போடுகிற ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில். போனில் கேட்டால் "கல்யாணம் முடியட்டும்" என்பார். நிவேதாவை நாங்கள் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தெய்வானையக்கா வந்து ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தார். எனக்கு வெட்கக்கேடு. கை பழக்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டி, மார்புக்கு ஒரே மாதிரி டார்ட் மடிப்புப் பிடித்து வைத்திருக்கிறேன். இடப்பக்கம் காலிப் பை மாதிரி தொங்கியது.

கண்ணாடியைப் பார்த்து ஒரே சிரிப்பு. "ஏனுங்க, எனக்குத் தைச்சீங்களா, பழைய எனக்குத் தைச்சீங்களா?"

பிரித்துத் திரும்ப வெட்டினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டே பேச்சு. ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் கோபம்தான், ஆனால் கோபத்தைக்கூட சிரிப்போடு சொல்கிற ஆள்.

"என்ற எருமைக்கு மடி வீங்குனா மாட்டு டாக்டரு வண்டிய எடுத்துட்டு ஓடியாறாரு. எனக்கு வீங்குனப்ப, மாத்திரை சாப்புடுங்க சரியாப் போயிருமுங்கறாங்க. நான் எருமையாப் பொறந்திருக்கோணும்."

கோர்ட் என்றால் நாமக்கல்லில் இருக்கிற நுகர்வோர் கோர்ட். அங்கே ஒரு வக்கீலம்மாவைப் பிடித்திருக்கிறார். இதே மெஷ்ஷால் பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் யாராவது வந்தால் கேசுக்கு பலம் என்று அந்த வக்கீல் சொன்னதிலிருந்து ஆள் தேடுகிறார். பஸ்ஸில் கேட்கிறார். ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார். கேன்சர் வார்டு வாசலில் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறார்.

"கூச்சமா இல்லையாக்கா?"

"இருந்துச்சு அம்மிணி. சீழ் வந்தப்ப அது கூடவே போயிருச்சு."

புதன்கிழமை வக்கீலிடம் போகிறாராம். துணைக்கு வருகிறாயா என்று கேட்டார். ஏன் என்னைக் கேட்டார்? வருகிறேன் என்று சொன்னது நான்தானா என்று இப்போதும் சந்தேகம்.

ஜூன் 18, புதன்

கடைக்கு லீவு. நிவேதாவிடம், லைனிங் எடுக்க நாமக்கல் போகிறேன் என்று.

வக்கீல் சின்னப் பெண், முப்பது இருக்கும். மாடி அறை, ஃபேன் சத்தம், டீ நன்றாக இருந்தது. அவர் சொன்னதில் ஞாபகம் இருக்கிறவரை:

ஜெயிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டாராம். முதல் வார்த்தையே அதுதான். அப்போதே பிடித்துப்போனது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். மெஷ் செய்த கம்பெனி, விற்றவர், வைத்த ஆஸ்பத்திரி, யார் பக்கம் தப்போ அவர்கள் மேல். பொருளே கோளாறா, வைத்த விதம் கோளாறா, வைப்பதைச் சொல்லாமலே வைத்தார்களா, மூன்றும் வேறு வேறு கேள்வி. சொல்லாமல் வைத்தது தனியாகவே ஒரு தப்பு. அதற்கு மெடிக்கல் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். மெஷ் மாதிரி சாமானால் கெடுதல் வந்தால் பதிவு செய்ய அரசாங்கத்தில் தனி ஏற்பாடு உண்டு. அதில் நஷ்டஈடு கிடைக்காது, ஆனால் அடுத்த பொம்பளைக்கு உதவும். போலீசுக்குப் போவது எடுத்த எடுப்பில் வேண்டாம். வேறொரு டாக்டர் பார்த்து எழுதிக் கொடுப்பது ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் கேட்டால் மூன்று நாளைக்குள் கொடுக்கணும் என்று விதியாம். மெஷ்ஷோடு வருகிற ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். எந்த கம்பெனி, எந்த பேட்ச் என்று அதில்தான் தெரியும்.

இரண்டு வருசத்துக்குள் போடணும். தாண்டினால் காரணம் சொல்லிக் கேட்கலாம், ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் கையில்.

இங்கேதான் நான் கெட்டேன். வாய் தானாகத் திறந்தது. "வெளிய எடுத்த நாள்ல இருந்து கணக்குங்களா, மெஷ்ஷுன்னு தெரிஞ்ச நாள்ல இருந்துங்களா?"

வக்கீல் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். அது கூட வந்தவர் கேட்கிற கேள்வி இல்லை.

"அது வாதம் பண்ண வேண்டிய விஷயம்மா. எது முந்தின நாளோ அதை வச்சு எண்ணிக்கிறது நல்லது" என்றார் வக்கீல். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்பார், கேட்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்கவில்லை. ஊர்க்கதை எல்லாம் பேசினார், இதை மட்டும் தொடவில்லை. இறங்கும்போது ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அவ்வளவு பேசுகிற ஆளுக்கு எங்கே பேசக்கூடாது என்றும் தெரிந்திருக்கிறது. பெரிய மனுசி.

ஜூன் 22, ஞாயிறு

சங்ககிரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்று லாரி ஓடுகிற வீடு. பையன் அமைதி. பையனின் அம்மா நல்ல மாதிரி, கேசரியை இன்னொரு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

சமையல்கட்டுக்கு வந்து பாத்திரம் எடுத்துக் கொடுத்தபடி கேட்டார். "உங்களுக்கு ஏதோ ஆபரேசன் ஆச்சுன்னு சொன்னாங்களே?"

"பித்தப்பைக் கல்லுங்க."

நிவேதா பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

அவர்கள் கிளம்பிய பிறகு புடவையை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, நாளைக்கு எனக்கு ஏதாவது வந்தா, நானும் அந்த ஊட்டுல பித்தப்பைன்னுதான் சொல்லோணுமா?"

கத்தவில்லை, அழவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். எழுந்து போய்ப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையிலேயே ஊற்றியாகிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

அக்காவோடு சேலம், அந்த ஆஸ்பத்திரிக்கு. வாசல் வாசனை பட்டதுமே அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அக்கா நான் தைத்த ஜாக்கெட்டில். பச்சைக் கலர். இடப்பக்கம் தட்டையாக, சுருக்கம் இல்லாமல், உடம்போடு உட்கார்ந்திருக்கிறது. நானே சொல்லக்கூடாது, நல்ல தையல்.

ரெக்கார்ட் ரூம் ஆள் இன்றைக்கு வா, நாளைக்கு வா. சார் இல்லை. சீல் இல்லை. அக்கா கேஸ் ஷீட் கேட்டு எழுத்து மூலம் கொடுத்ததற்கு ஆபீஸ் சீல் வாங்கி வைத்திருக்கிறார். அதைக் காட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. தூக்குப்போசியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டார். எனக்கும் கொடுத்தார். அந்த ஆளுக்கும் "சாப்புடறீங்களா?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். சாயந்தரம் அந்த ஆளே கேஸ் ஷீட் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார், "அம்மா பார்த்துக்கங்க" என்று மரியாதையாக.

ஸ்டிக்கர் இருந்தது. கட்டைவிரல் அளவுதான். அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். "இத்தனூண்டுங்க" என்றார். அப்போதுதான் முதல் தரம் அவர் கண்ணில் தண்ணீர் பார்த்தேன். உடனே துடைத்துக்கொண்டு, "நான் வெளிய டீ குடிச்சிட்டு இருக்கறேன், உனக்கு வேலை இருந்தா முடிச்சுட்டு வா அம்மிணி" என்று போய்விட்டார்.

எனக்காக ஒதுங்கினார். ஜன்னலில் நானும் அந்த ஆளும் மட்டும். "உங்களுக்கு என்னங்கம்மா வேணும்?"

ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். சீ.

ஜூன் 27, வெள்ளி

சங்ககிரியிலிருந்து போன். பெண் பிடித்திருக்கிறதாம். ஆடிக்கு முன்னால் உறுதி வார்த்தை பேசிவிடலாம் என்று பையனின் அம்மா.

நிவேதா எதிரில் நின்றாள். அவளைப் பார்த்து, சொல்லட்டுமா என்று கையால் கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினாள்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. எனக்குப் பித்தப்பை இல்லீங்க. மார்ல கேன்சர். எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்கறேன். அதுக்கப்பறம் வெச்ச ஒண்ணு கெட்டுப்போயி ரொம்பச் சிரமம். அதுக்குக் கேஸ் போடலாம்னு இருக்கறேன். எம்பேரு வெளிய வரும்."

அந்தப் பக்கத்திலிருந்து, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க." கோபம் இல்லை, வருத்தம். "ஊட்டுல பேசிட்டுச் சொல்றனுங்க."

வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்.

நிவேதா அப்பாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ரிக் சத்தத்துக்கு நடுவே: "சொல்லிட்டயா? சரி. நானும் எத்தன நாளைக்குத்தான் பித்தப்பைன்னே சொல்றது."

நிவேதா மூன்று தோசை சாப்பிட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

தனியாகச் சேலம். என் கேஸ் ஷீட் கேட்டு எழுதிக் கொடுத்து, சீல் வாங்கிவிட்டு வந்தேன். அதே ஆள். "உங்களுக்குமாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

கேஸ் ஷீட் கிடைத்தது. என்னுடையதிலும் அதே கம்பெனி ஸ்டிக்கர். கடைக்கு வந்த அக்காவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மாட்டுக்காரக் கை, சொரசொரவென்று. விடவே இல்லை. ஊக்கு வாங்க வந்தவர் காத்திருந்தார், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வக்கீல் போனில்: ஆளுக்கொரு மனு, சேர்த்து விசாரிக்கக் கேட்கலாம். என் பேர் வெளியே வராமல் இருக்கத் தனியாக மனு போட்டுப் பார்க்கவா என்றார். ஒரு வாரம் முன்னால் என்றால் காலில் விழுந்திருப்பேன். வேண்டாங்க என்றேன்.

சங்ககிரியிலிருந்து போன் இல்லை.

ஜூலை 14, திங்கள்

லேசான தூறல், மண் வாசனை. ஆடி பிறக்குமுன் போட்டுவிடணும் என்று அக்காவின் கட்டளை. நாமக்கல். நிவேதாவும் லீவு போட்டுவிட்டு வந்தாள். சங்ககிரி இன்னும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று பஸ்ஸில் அவளே சொன்னாள்.

கவுன்டரில் முதலில் அக்காவின் ஃபைல். கேட்பதற்கு முன்பே பதில். பேர், ஊர், எத்தனை எருமை, எல்லாம். எழுதுகிறவர் சிரித்துவிட்டார். மனு ஏறியது.

அடுத்த ஃபைலை எடுத்தார். "இதுல மனுதாரர் யாரு?"

எதற்கும் முந்திப் பேசுகிற அக்கா, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்தார். வக்கீல் என் பக்கம் திரும்பினார். நிவேதா என் முந்தானையைப் பிடித்திருந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில்.

"யாருங்க?"

"நான்தாங்க. சுமதி, திருச்செங்கோடு. என் மார்புல வெச்ச மெஷ் சம்பந்தமா."