எந்த மழை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நலம் என்றுதான் தொடங்க வேண்டும், முக்கால்வாசி அது உண்மையும்கூட. மலையில் குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள் அம்மா. அங்கே உனக்குப் போன் கிடைக்காது என்பதால் இதைப் பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் படம் பிடித்து அனுப்புவாள், கீழே இறங்கியதும் பார்.

நீ அனுப்பிய வானத்தைப் பார்த்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி, வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, கோளரங்கத்துக்குள் போனால் உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிற உன் ஊர் ராத்திரி. இந்த நிமிஷம் நடப்பதைத்தான் காட்டுகிறோம் என்று அறிவித்தார்கள், எனக்குப் பாதிதான் நம்பிக்கை. கூரை முழுக்க விண்கல் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்துக்கொண்டு விழுந்தது, அம்மா பதினேழு வரை எண்ணினாள், கேமரா பிடிப்பது என் மகள்தான் என்று முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சத்தமாகச் சொன்னேன். வானத்துக் கல்லை அவ பாத்துக்கட்டும், என் பித்தப்பைக் கல்லை டாக்டர் பாத்துப்பார் என்று அம்மா கேலி வேறு செய்தாள்.

என் குழப்பத்தைக் கேள். போன வாரம் மலையேறும் முன் நீ போனில், மழை வந்துட்டா அன்னிக்கே கெளம்பிடுவேம்பா என்றாய். விண்கல் மழை என்றுதானே உன் வேலைக்கே பெயர்? அதுதான் வந்தாகிவிட்டதே, மகள் கிளம்பியிருப்பாள் என்று கோளரங்கத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், புதன்கிழமை இருந்த அம்மாவின் ஆபரேஷனை வெள்ளிக்கு மாற்றினேன். உன் அறையைப் பெருக்கி, மெத்தை உறை மாற்றி, நேற்று முழுக்க வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். நீ வரவில்லை. இன்று காலை கோளரங்கத்தில் படம் ஓட்டுகிறவரிடம் போய்க் கேட்டால் அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அங்க நிஜ மழை பெஞ்சு மேகம் மூடினாத்தான் சார் ஒளிபரப்பு ரத்தாகும், அப்பத்தான் அவங்கள விடுவாங்க, இல்லேன்னா ஞாயிறு வரைக்கும் அசைய முடியாது என்றார். முப்பது வருஷம் தபால் ஆபீசில் எவன் எவன் கிறுக்கலையோ படித்து முகவரி கண்டுபிடித்தவன் நான், பெற்ற மகள் சொன்ன ஒரு வார்த்தை புரியவில்லை. டாக்டர் இனி ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். நாளை காலை எட்டு மணிக்கு.

அங்கே மழை கொட்டட்டும் என்று ஒரு தடவை வேண்டிக்கொண்டேன். உடனே, ஐயோ பிள்ளையின் வேலை கெடுமே என்று வேண்டாம் என்றேன். இப்போது எந்த வேண்டுதல் நிலுவையில் நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை. காலையிலிருந்து அம்மா மூன்று தடவை அங்கே மழையா என்று கேட்டுவிட்டாள். டைப்பிஸ்டின் போனில் பார்த்துவிட்டு, துளி மேகம் இல்லை என்றேன். அப்பாடா, அவ வேலை கெடாது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமா, இல்லையா? நாற்பது வருஷமாகக் கூட இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. பயப்படாதே, கூட இருக்க நான் இருக்கிறேன். ஆனால் அவளுக்கு நீ வேண்டும், அதை அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, உடம்பைப் பார்த்துக்கொள், கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். இறங்கியதும் முதல் போன் அம்மாவுக்குப் போடு. வருகிற தேதியை மட்டும் சொல். மழையைப் பற்றி ஒன்றும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா