பதினேழாம் வரியில் நான் எழுதிய பெயர்

அனுப்புநர்:
மனுதாரர் (தாவர இருப்புப் படிவம் எண் 418-ஐ நிரப்பியவர்),
கதவு எண் 4/12, நான்காம் மாடி,
தண்ணீர்த் தொட்டிக் கட்டடம்.

பெறுநர்:
முதன்மை ஆய்வு அலுவலர் அவர்கள்,
தாவர நோய்த் தடுப்பு அலுவலகம்.

பொருள்: எலுமிச்சைக் குடும்பச் செடி எனக் கைப்பற்றப்பட்ட பழச்செடி அக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று, பிழை மனுதாரருடையது, அழிப்பை நிறுத்தி மறு ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை:
(அ) படிவம் எண் 418, கடந்த மாதம் 3ஆம் தேதி.
(ஆ) கைப்பற்றல் ரசீது, கடந்த மாதம் 22ஆம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. பார்வை (அ)-இல் கண்ட படிவத்தை நிரப்பியவள் நான். கைப்பற்றப்பட்ட செடி என் தாயாருடையது. முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுப்பு வராவிட்டால் செடி எரிக்கப்படும் என்று ரசீதில் அச்சிடப்பட்டுள்ளது. இன்று இருபத்தாறாம் நாள். தாமதத்திற்குக் காரணம் நானே. இதற்கு முன் மூன்று முறை தங்கள் அலுவலகத்திற்கு வந்தேன். முதல் முறை, வரிசையில் என் முறை வந்ததும் பின்னால் நின்றவரை முன்னே விட்டுவிட்டு வீடு திரும்பினேன். இரண்டாம் முறை, சாளரத்தில் இருந்த அம்மையார், "எதுவா இருந்தாலும் எழுதிக் குடும்மா. வாயால சொன்னா அதை நான் எந்த ஃபைல்ல கட்டறது?" என்றார். அவர் சலிப்புடன் சொன்னாலும் எனக்கு அது உதவியாகவே பட்டது. மூன்றாம் வருகையைப் பற்றிப் பின்னர் தெரிவிக்கிறேன்.

2. என் தாயார் ஒரு பெரிய விடுதியின் சமையற்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாத்திரம் கழுவுகிறார். விருந்தினர் தின்றுவிட்டு வைக்கும் பழத்தட்டுகள் அவர் கைக்குத்தான் வந்து சேரும். கடைத்தெருவில் நாங்கள் கண்டே இராத பழங்களின் விதைகள் அவற்றில் கிடக்கும். அவற்றைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவருவார். காய்ந்துபோனால் இவற்றில் பல முளைக்காது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று முறை வெயிலில் காயவைத்து ஏமாந்த பிறகு தாமாகக் கண்டுபிடித்தார். குப்பைக்குப் போகிறதுதானே என்று மேற்பார்வையாளர் தடுக்கவில்லை. மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளக் கட்டட உரிமையாளரும் வாய்மொழியாக அனுமதித்தார். பெயிண்ட் வாளிகளிலும் அரையாக அறுத்த நீல டிரம்களிலுமாக இன்று அங்கே பதினெட்டுச் செடிகள் உள்ளன. சென்ற மாதம் வரை பத்தொன்பது.

3. என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலையைக் கிழித்து முகர்ந்து, காம்பை ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்த்து, புதுத்தளிர் என்ன நிறத்தில் வருகிறது என்பதை நினைவில் வைத்து அவர் செடிகளைப் பிரித்தறிவார். பெயரும் அவரே வைப்பார். ரம்புத்தான் அவருக்கு 'முடிக்காரி'. ஆண்டுக்கு நான்கு இலைகூட விடாத மங்குஸ்தான் 'சோம்பேறி'. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தாவரவியல் பட்டம் பெற்றுள்ளேன். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடிகளைக் கீற்றுகளாக வெட்டி, புத்தகப் பெயர்களை எழுதி ஒவ்வொரு செடிக்கும் செருகியவள் நானே. இரண்டு முறை நான் எழுதிய பெயர் தவறி, அது வேறு செடி என்று அவர் சொன்னதே சரியானது. அந்த இரண்டு கீற்றுகளையும் அவர் சிரித்துக்கொண்டே பிடுங்கித் தந்தார்.

4. வழக்குக்குரிய செடி பதின்மூன்று ஆண்டு வயதுடையது. அதன் பழத்தைத் தாயார் ஒரே ஒரு முறை, யாரோ தொடாமல் விட்ட தட்டிலிருந்து எடுத்துத் தின்றிருக்கிறார். கொத்தாக, சிறு உருளைக்கிழங்கு நிறத்தில் இருந்ததாகவும், உள்ளே சுளை கண்ணாடி போல இருந்ததாகவும் சொல்வார். "சப்பினா தேனு, கடிச்சா வேப்பங்கொட்டை" என்பது அவர் தரும் வருணனை. அதன் இலையைக் கசக்கினால் எந்த வாசனையும் வராது. ஆகவே 'ஊமைச்சி' என்று பெயரிட்டார். "நீயும் அதுவும் ஒண்ணுதான்டி, கிள்ளினாலும் சத்தம் வராது" என்று விருந்தாளிகள் முன்னால் என்னைக் கேலி செய்வதும் உண்டு. அதற்கு வெயில் ஆகாது என்பதால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கத்தில் வைத்திருந்தார். குழாய்த் தண்ணீரில் இலைநுனி கருகுவதைக் கண்டு, கீழ்வீடுகளின் ஏசி இயந்திரங்களிலிருந்து சொட்டும் நீரைக் கேன்களில் பிடித்து நான்கு மாடி சுமந்து ஊற்றுவார். இதற்காக மூன்று வீடுகளில் அவருக்கு 'ஏசி அக்கா' என்று பெயர்.

5. எலுமிச்சைச் செடிகளைத் தாக்கும் நோய் பரவுவதாக அறிவிப்பு வந்து, வீட்டில் உள்ள பழச்செடிகளின் விவரம் கேட்டுப் படிவங்கள் வழங்கப்பட்டன. அன்று சாப்பாட்டு மேசையில் அமர்ந்து அதை நிரப்பினேன். தாயார் எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பதினாறு வரிகள் வரை தடையில்லை. பதினேழாம் வரியில் ஊமைச்சிக்கு என்ன எழுதுவது என்று நின்றேன். இத்தனை ஆண்டுகளாக அதற்கு மட்டும் நான் கீற்று செருகவில்லை. "தெரியலைன்னு போடு. தெரியாததைத் தெரியலைன்னா யாரு அடிக்கப் போறா?" என்றார் தாயார்.

6. ஐயா, நான் அப்படிப் போடவில்லை. படிவத்தின் மேலே 'நிரப்புபவரின் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பட்டத்தை எழுதிவிட்டு, கீழே ஒரு வரியை வெறுமையாக விட எனக்குக் கூச்சமாக இருந்தது. மாடிக்குப் போய் இலையைக் கைப்பேசியில் படம் பிடித்தேன். செயலி மூன்று பெயர்கள் காட்டியது. முதலாவது 'வாம்பி', அறுபத்தொரு விழுக்காடு பொருத்தம். அதன் லத்தீன் பெயரை, கல்லூரியில் கற்றபடி அடிக்கோடிட்டு எழுதினேன். வாம்பி எலுமிச்சைக் குடும்பம். அக்குடும்பத்து இலையை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் ஊசிக்குத்துப் போலத் தெரியும், கசக்கினால் மணக்கும். முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் முதல் வாரம் சொல்லித்தருவது இது. அந்த இலையை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. படிவத்துடன் இணைத்திருந்த தடைப் பட்டியலையும் புரட்டவில்லை. அதில் வாம்பி ஏழாவது.

7. கடந்த மாதம் 22ஆம் தேதி காலை தங்கள் கள ஆய்வாளர் இரு பணியாளர்களுடன் வந்தார். அவர் மரியாதைக் குறைவாக எதுவும் நடந்துகொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். "இத்தனை வச்சிருக்கீங்களே, இதுல ஏதாவது காய்க்குமாம்மா?" என்று கேட்டார். "நீங்க பொறந்த உடனேயா சம்பாதிச்சுக் குடுத்தீங்க? அது மாதிரிதான் சார்" என்றார் தாயார். பணியாளர்கள் சிரித்தார்கள். அதுவரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

8. பிறகு ஆய்வாளர் ஊமைச்சியின் தண்டைக் கூர்ந்து பார்த்து, 'தண்டில் இயல்பற்ற வீக்கம். நோய்க்குறி என ஐயம்' என்று குறித்துக்கொண்டார். அவை வீக்கங்கள் அல்ல, பூமொட்டுகள். இச்செடி கிளை நுனியில் பூக்காது. அடிமரத்திலேயே முண்டு முண்டாக மொட்டு விடும். ஆறு வாரங்களுக்கு முன் தாயார் விரல் நுனியால் தடவிப் பதினான்கு என்று எண்ணி, மாடி முழுவதும் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். பதின்மூன்று ஆண்டுகளில் அதுவே முதல் மொட்டு. ஆய்வாளர் அறிவதற்காகத் தாயார் ஓர் இலையைக் கிழித்து நீட்டினார். "மோந்து பாருங்க சார். எலுமிச்சை வகைன்னா மணக்கணும்ல? இது மணக்குதா?" ஆய்வாளர் தமக்குச் சளி பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, படிக்கட்டுக் கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார். "எழுதினது நீதானேம்மா? படிச்ச பொண்ணு. நீ எழுதினது சரிதானே?" என்று கேட்டார்.

9. நான் தலையை ஆட்டினேன்.

10. ஏன் ஆட்டினேன் என்பதைத் தங்கள் அலுவலகம் கேட்கக் கூடும். நான்கு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொன்னால் அடுத்து ஏன் எழுதினாய் என்ற கேள்வி வரும் என்று பயந்தேன். தாயார் கையில் கிழிந்த இலையுடன் என்னைப் பார்த்தார். பணியாளர்கள் டிரம்மைத் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் சுவரில் உரசி இரண்டு கிளைகள் முறிந்தன. தாயார் பின்னாலேயே இறங்கி, விழுந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டு போனார். வண்டி போனதும் மேலே வந்து, "நாளைக்குப் போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லு. நீ படிச்சவ, உன் பேச்சைக் கேப்பாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இம்மனு சில வாரங்களுக்கு முன்பே தங்களிடம் வந்து சேர்ந்திருக்கும்.

11. மறுநாள் வரிசையிலிருந்து திரும்பி வந்து, சொல்லிவிட்டேன் என்றேன். ஆய்வு நடக்கிறது, திருப்பித் தருவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அன்று முதல் தினமும் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றும் முன், "என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறார். நான் ஏதாவது சொல்கிறேன். செடி வரும்போது தண்ணீர் இல்லாமல் போகக் கூடாது என்று ஏசி நீரைப் பிடித்துத் தொட்டி நிழலில் அடுக்கிவைக்கிறார். இன்று காலை வரை பதினொரு கேன்கள் உள்ளன.

12. மூன்றாம் முறை வந்தது ஐந்து நாட்களுக்கு முன். அலுவலகத்தின் பின்புறம், கம்பி வேலிக்குள், சிமெண்டுத் தரையில் செடி நிற்கக் கண்டேன். நிழல் எதுவும் இல்லை. மேல்பாதி இலைகள் பழுத்து மடங்கியிருந்தன. வேலிக்கு வெளியே உதிர்ந்து கிடந்த ஓர் இலையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. நுனியை மட்டும் கசக்கினேன், மணமும் இல்லை. தண்டில் கொத்தாக மொட்டு விடுவதையும் சேர்த்துப் பார்த்தால் இது 'லாங்சாட்' என்றே நம்புகிறேன். அது வேப்பமரக் குடும்பம். தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் என் நம்பிக்கையை ஒரு முறை எழுதித் தந்து நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே முடிவை ஆய்வுக்கே விடுகிறேன். நின்ற இடத்திலிருந்து மொட்டுகளை எண்ணினேன். ஐந்து தெரிந்தன. மறுபக்கம் எத்தனை இருந்தன என்று தெரியாது. டிரம்மின் மண்மேல் சில உதிர்ந்து கிடந்தன. அன்று மாலை தாயார் கேட்டதற்குப் பதினான்கும் அப்படியே இருப்பதாகச் சொன்னேன்.

13. எனவே, கீழ்க்கண்டவற்றைத் தங்கள் முன் வைக்கிறேன்.

(அ) மறு ஆய்வு முடியும் வரை எரிப்பை நிறுத்திவைக்க வேண்டும்.

(ஆ) இன்றே செடியை நிழலுக்கு மாற்ற உத்தரவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் நலம். அனுமதித்தால் வாயிற்காவலரிடம் நானே கேனில் தண்ணீர் கொண்டுவந்து தருவேன். உள்ளே வர மாட்டேன்.

(இ) பதினேழாம் வரியில் உள்ள பெயரை அடித்துவிட்டு 'தெரியவில்லை' என்று திருத்த வேண்டும்.

(ஈ) தவறான தகவல் தந்ததற்கு நடவடிக்கை உண்டெனில் அது என்மீதே எடுக்கப்பட வேண்டும். என் தாயார் அன்று சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அதை ஆய்வாளர் முன் நான் மறுத்தேன்.

14. இம்மனு வந்து சேரும் முன் செடி எரிக்கப்பட்டிருந்தாலோ, தானாகப் பட்டுப்போயிருந்தாலோ, அதை ஒரு கடிதமாக, அலுவலக முத்திரையுடன், என் தாயாரின் பெயருக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன். செடி என்ன ஆனது என்பதுடன், பெயரைத் தவறாக எழுதியவர் யார், கேட்டபோது தலையாட்டியவர் யார், இம்மனு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பவையும் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். நானாகச் சொல்ல இருபத்தாறு நாட்களாக முயன்று முடியவில்லை. எழுதியிருப்பதை என்னால் வாசித்துவிட முடியும்.

15. மனுவில் செடியின் உரிமையாளர் கைநாட்டு வைக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைத் தாங்கள் கவனிப்பீர்கள். அக்குறைக்காக மனுவைத் தள்ளிவிட வேண்டாம். நான் என்றோ எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லிவிட்டேன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். கைநாட்டு கேட்டால், எதற்கு என்று கேட்பார்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,

நாள்: 17ஆம் தேதி
இடம்: தண்ணீர்த் தொட்டிக் கட்டடம்

(ஒப்பம்)
மனுதாரர்

செடியின் உரிமையாளர் கைநாட்டு: 

இணைப்பு:
1. கைப்பற்றல் ரசீதின் நகல்.
2. வேலிக்கு வெளியே எடுத்த இலை, ஒன்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும்.