களை மீன் என்று சொன்னவனுக்கு

நேற்றுச் சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்தில் தென்னங்கன்றுகளுக்கு வைக்க இலுப்பைப் பிண்ணாக்கை ஊறப் போட்டிருந்தார்கள். அந்தக் கசந்த எண்ணெய் வாடை சுவரேறி என் சமையலறைக்குள் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஊரில் மற்றவர்களுக்கு அது உர வாடை. எனக்கு அது உன் வாடை. நீ செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என் வீடு தேடி வந்துவிட்டாய்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். அதைச் சொல்ல உன் ஊரில் ஆள் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். பந்தல் வாசலில் உன் படம் போட்ட ஃப்ளெக்ஸ், அதற்குக் கீழே ‘கண்மாயை வாழவைத்தவர்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதைப் பார்த்ததும் சாப்பிட உட்காராமல் கிளம்பினேன். என் ஊர் அனுமந்தன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

நாம் இருவரும் ஒரே வகுப்பில் விலங்கியல் படித்தவர்கள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. தெரியாத ஒருவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன். உனக்கு எல்லாம் தெரியும். ஆய்வுக்கூடத்தில் தட்டில் வைத்த மீனைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே, இது குரவை, இது விரால் குஞ்சு என்று பிரித்துச் சொல்வாய். எனக்கு ஆரல் வரைய வராது. பாம்பு போல வளைந்துவிடும். என் நோட்டைப் பிடுங்கி நீதான் வரைந்து கொடுத்தாய். “நீ டீச்சரு வேலைக்குத்தான் லாயக்கு” என்று அன்றைக்கே சொன்னாய். பிறகு நான் உங்கள் ஊர்ப் பள்ளிக்கே டீச்சராக வந்தேன். நீ உங்கள் ஊர்க் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தாய்.

அந்தக் கண்மாயில் ஒரு வழக்கம் இருந்தது. குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கும் கட்லா, ரோகு அவருக்கு. முல்லையாற்று வாய்க்காலில் தானாக வந்து சேரும் பொடி மீன் ஊருக்கு. தண்ணீர் வற்றும் நாட்களில் பெண்கள் பழஞ்சேலையை இரண்டு பக்கம் பிடித்து அரித்து எடுப்பார்கள். அயிரை, உளுவை, வெளிச்சி, கெளுத்தி, ஆரல், எல்லாம் கலந்து வரும். நான் சனி, ஞாயிறுகளில் அவர்கள் கூடைக்குப் பக்கத்தில் குத்தவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொள்வேன். எந்த இனம், எந்த மாதத்தில், எதைவிட எது அதிகம் என்று. எனக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. நோட்டில் பெயர்கள் சேரச் சேர எனக்கு ஒரு கர்வம் வந்தது. தண்ணீர் அடியில் பாசி தின்ன ஒன்று, நத்தை தின்ன ஒன்று, கொசுப்புழு தின்ன ஒன்று, இவை எல்லாவற்றையும் தின்ன ஒரு விரால் என்று அங்கே ஒரு முழு ஊர் குடியிருந்தது.

அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது. ஒரு மே மாத விடுமுறையில் கண்மாய் முழுக்க வெடித்துக் கிடந்தபோது, மடைக்குக் கிழக்கே கருவேல மரங்களுக்கு நடுவில் ஒரு மடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நின்றதைக் கண்டுபிடித்தேன். கோடையில் அத்தனை இனமும் அங்கேதான் ஒதுங்கியிருந்தன. ஒரு வீச்சு வீசினால் என் நோட்டின் பாதிப் பெயர்கள் வலையில் வந்தன. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. புரிந்துகொள்ள அந்த ஊரில் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். நீ கரையில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். “அடேயப்பா, அம்புட்டும் இங்கனயா இருக்கு?” என்றாய். உனக்கும் என்னைப் போலவே புல்லரிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வந்தபோது இந்த வாடைதான் முதலில் வந்தது. டிரம்மில், மீனுக்கு விஷமான இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து விடியும்போதே ஊற்றியிருந்தாய். தண்ணீர் நுரைத்து, டீ நிறத்தில் இருந்தது. மேலே வெள்ளை வயிறுகள். சகதிக்குள் புதைந்தே கோடையைத் தாண்டிவிடும் தேளியும் குரவையும்கூட வெளியே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு விரால் என் காலடியில் கரையேறி, சகதியில் புரண்டு, அப்படியே நின்றுபோனது. நான் அழுதேன். கையில் கிடைத்த சகதியை அள்ளி உன் சட்டையில் எறிந்தேன், நினைவிருக்கிறதா? நீ துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

“களை மீனத்தான எடுத்தேன்? நாம படிச்ச புத்தகத்துல இருக்குறதுதான டீச்சரு?”

ஆமாம், புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. வளர்ப்பு மீனுக்கு இரையில் பங்குக்கு வருவதெல்லாம் களை மீன். பரீட்சையில் நானும் அதை எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. “கண்மா பூராவும் ஊத்தியிருந்தா வண்டி வண்டியாப் பிண்ணாக்கு வேணும். எல்லாம் ஒரே எடத்துல கெடந்துச்சு, வேலை சுளுவாப் போச்சு. ஒனக்குத்தான் நன்றி சொல்லணும்” என்றாய். கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னாய். அந்த நன்றிக்காகத்தான் உன்னை இன்றுவரை வெறுக்கிறேன்.

ஜூனில் தண்ணீர் திறந்ததும் குஞ்சு விட்டாய். காட்டு மீன் திரும்ப ஏறி வராமலிருக்க வாய்க்கால் வாயில் கொசுவலை மாதிரி பொடிக்கண்ணி வலையைக் கட்டினாய். கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும் கொழுத்தன. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. கண்மாயில் இவ்வளவு மீன் இதுவரை இருந்ததில்லை என்று ஊரே சொன்னது, அது உண்மையும்தான். எடை கூடியது, வகை போய்விட்டது. சேலையோடு இறங்கிய பெண்கள் நத்தையை அரித்துக்கொண்டு கரையேறினார்கள். பிறகு இறங்குவதையே விட்டுவிட்டார்கள். நான் உன்னோடு பேசுவதை விட்டேன். நீ எதிரே வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனேன். ஒருநாள் உன் தவறை உன் வாயால் ஊரார் முன் சொல்லவைப்பேன் என்று காத்திருந்தேன். நீ அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய். அதிலும் என்னை ஏமாற்றிவிட்டாய்.

ஆனால் எனக்கும் ஒரு நேரம் வந்தது. ஊராட்சியில் பல்லுயிர்ப் பதிவேடு தயாராகிறது. ஊரில் என்ன மரம், என்ன பறவை, என்ன மீன் என்று எழுதிக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். மீன் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். இனத்தின் பெயர், முன்பு எப்படி, இப்போது எப்படி, குறைந்ததற்குக் காரணம், இப்போது காணப்படும் இடம் என்று கட்டங்கள். ஊராட்சிச் செயலர் நல்ல மனிதர்தான், “மழ இல்லன்னு போட்டு முடிங்க டீச்சர்” என்றார். மழையா உன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு மடுவுக்குப் போனது? உன் பெயரை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா சொல்வதற்கு.

மறுநாளே உன் மனைவி பள்ளிக்கு வந்துவிட்டாள். மரத்தடியில் நின்றபடியே பேசினாள்.

“அக்கா, அவுக பேரப் போட்டுறாதீக. பிள்ளைக்கு இப்பத்தான் மாப்பிள்ள பேசி முடிச்சிருக்கு. சபையில வாசிச்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக.”

அவளாகவே தொடர்ந்தாள். “ஆசுபத்திரியில கெடந்தப்ப அயிரக் கொழம்பு வேணும்னு கேட்டாக. சின்னமனூருக்கு ஆளு விட்டேன், தேனிக்கு விட்டேன். அங்கனயும் இல்ல, இங்கனயும் இல்ல. கட்லாவப் போட்டுக் காச்சிக் கொண்டுபோனேன். ஒரு வாய் வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக.”

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க ஒன்றுமில்லை. கடைசியில் உன் நாக்கே உன்னைக் கேள்வி கேட்டிருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள், நான் உள்ளுக்குள் நன்றாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

எழுதிவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில், மீன்கள் கோடையில் ஒதுங்கும் மடுவில் இலுப்பைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றப்பட்டது என்று எழுதினேன். மடுவைக் காட்டியவர் என்று முதலில் என் பெயர். ஊற்றியவர் என்று அதற்குக் கீழே உன் பெயர். என் பெயரை எழுதாமல் உன் பெயருக்குப் போக முடியவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தேன், பேனா போகவில்லை. சபைக்கு முன்னால் உன் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் அந்த இரண்டு வரியிலேயே விரலை வைத்திருந்தாள். “ஒங்க பேருமாக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். நோட்டை மூடிக் கையில் கொடுத்தாள். “அப்ப இருக்கட்டும்.”

சபையில் நானே எழுந்து நின்று வாசித்தேன்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் தவறு எனக்கு, உன் தவறு உனக்கு. அன்று உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போன அந்தப் பெண்ணை நீ அந்த மீன்களோடு சேர்த்துத்தான் கொன்றாய். போன கோடையில் வாய்க்காலுக்கு மேலே, மேகமலைப் பக்கத்து ஓடை ஒன்றில், இன்னொரு மடுவைப் பார்த்தேன். அயிரை இருக்கிறது, ஆரல் இருக்கிறது, தாய் விரால் ஒன்று செக்கச்செவேலென்ற குஞ்சுக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனது. முழங்கால் தண்ணீரில் தனியாக நின்று பார்த்தேன். யாரையும் கூப்பிடவில்லை. படம் எடுக்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளிடம்கூட வாய் திறக்கவில்லை. நல்லது ஒன்றைக் கண்டவுடன் ஓடிப்போய்ச் சொல்லும் சுகம் எனக்குப் போய்விட்டது.

பதிவேட்டில் ‘இப்போது காணப்படும் இடம்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். செயலர் இரண்டு முறை கேட்டுவிட்டார். நீயே எழுந்து வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.